மின்ட் 22.1-இல் டாக்கர் நிறுவும்போது ‘சியா’வுக்கு ரிலீஸ் கோப்பு இல்லை என்கிறது – உதவி தேவை

புதுப்பயனர்:
வணக்கம். மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் 22.1 போட்டிருக்கிறேன். ஒரு பழைய வலைப்பதிவைப் பார்த்து டாக்கர் (செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) நிறுவினேன். சரிபார்ப்புச் சாவியை இறக்கும் வரை சிக்கல் இல்லை. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்டேட் ஆணையைக் கொடுத்ததும் 404 (அந்த முகவரியில் எதுவும் இல்லை என்ற பிழை), கூடவே டாக்கர் களஞ்சியத்தில், அதாவது மென்பொருள் இறங்கும் தளத்தில், ‘சியா’வுக்கு ரிலீஸ் கோப்பு இல்லை என்று ஒரு வரி. சியா யாரென்றே எனக்குத் தெரியாது, நான் எங்கும் அப்படித் தட்டவும் இல்லை. நெட் நன்றாகத்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் வேலைக்கு இது வேண்டும்.

வடைசட்டி:
மிரரை (கோப்புகள் இறங்கும் நகல் தளத்தை) மாற்றிப் பாருங்கள் பாஸ். எனக்கு ஒருமுறை அப்படித்தான் சரியானது.

டெர்மினல் தாத்தா:
மிரருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதைத் தொட வேண்டாம். சியா என்பது உங்கள் மின்ட் 22.1-இன் கோட்நேம், அதாவது அந்த வெளியீட்டுக்கு வைத்த செல்லப்பெயர். பழைய வழிகாட்டிகளில் களஞ்சிய வரியை எழுதும் ஆணைக்கு நடுவே எல்எஸ்பி-ரிலீஸ் என்று ஒரு துண்டு இருக்கும். அது கணினியிடம் வெளியீட்டின் பெயரைக் கேட்டு, வரும் பதிலை அப்படியே முகவரியில் செருகிவிடும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04-இல் கேட்டால் ‘நோபிள்’ என்று வரும், மின்ட்டில் கேட்டால் ‘சியா’. டாக்கர் தளத்தில் உபுண்டுவின் பெயர்களுக்குத்தான் அடைவுகள் உண்டு. சியாவுக்கு அங்கே அடைவே கிடையாது, அதனால் 404.

மின்ட் 22 வரிசை உபுண்டு 24.04-இன் மேல் கட்டியது. ஆகவே எட்ஸி (/etc) அடைவுக்குள் ஆப்ட், அதற்குள் சோர்ஸஸ்-லிஸ்ட்-டி அடைவுக்குப் போய், டாக்கர் பெயரில் இருக்கும் கோப்பை ரூட்டாக (நிர்வாகி உரிமையோடு) திறங்கள். சியாவை அழித்துவிட்டு நோபிள் (noble) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். மறுபடி ஆப்ட் அப்டேட்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எட்ஸியில் ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பைத் திறந்தால் வெர்ஷன் கோட்நேம் வரியில் சியா இருக்கும், உபுண்டு கோட்நேம் வரியில் நோபிள் இருக்கும். டாக்கரின் இப்போதைய ஆவணத்தில் உள்ள ஆணை இந்த உபுண்டு வரியைத்தான் முதலில் தேடுகிறது. மின்ட்டுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இல்லை என்றும் அங்கேயே போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஓடும்.

புதுப்பயனர்:
ஓடிவிட்டது ஐயா, ரொம்ப நன்றி! ஒரு சந்தேகம். எண் இருக்கும்போது பெயர் எதற்கு? எங்கள் டீமிலும் அடுத்த ரிலீஸுக்குப் பெயர் வைக்கச் சொல்லி இருக்கிறார்கள். பாதிப் பேர் சாப்பாட்டுப் பெயர் என்கிறார்கள், மீதிப் பேர் ஆறுகள் என்கிறார்கள். எதற்கு இந்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

டெர்மினல் தாத்தா:
எண் கடைசியில்தான் உறுதியாகும் தம்பி, வேலையோ பல மாதம் முன்பே தொடங்கிவிடும். உபுண்டுவின் எண் என்பது வெளிவரும் ஆண்டும் மாதமும். 2006 ஏப்ரலில் 6.04 ஆக வர வேண்டியது ஜூனுக்குத் தள்ளிப்போய் 6.06 ஆனது. உள்ளே எல்லாரும் அதை ‘டாப்பர்’ என்றே அழைத்துக்கொண்டிருந்ததால், எண் மாறியும் களஞ்சிய அடைவின் பெயர் மாறவில்லை.

உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸில் பட்ட பாடு இன்னும் பெரிது. 1995 கடைசியில் ஒரு சிடி நிறுவனம் முடியாத டெபியனை எடுத்து 1.0 என்று பெயர் போட்டு வெளியிட்டுவிட்டது. குழப்பம் வரக்கூடாதென்று 1.0 என்ற எண்ணையே கைவிட்டு, 1996-இல் 1.1 என்று வெளியிட்டார்கள். அதன் பெயர் ‘பஸ்’. அப்போது திட்டத்தை நடத்திய புரூஸ் பெரன்ஸ், டாய் ஸ்டோரி படம் எடுத்த பிக்சாரில் வேலை பார்த்தவர், அதனால் அந்தப் படத்தின் பாத்திரங்கள். இன்றும் அதே வழக்கம்தான்: 12 புக்வோர்ம், 13 டிரிக்ஸி. அடைவின் மேல் எண் இல்லாமல் பெயர் மட்டும் இருந்தால், வேலை முடிந்த பதிப்பென்று அவசரப்பட்டு யாரும் எடுத்துப்போக மாட்டார்கள். எப்போதும் உடையக்கூடிய கிளைக்கு மட்டும் நிரந்தரமாக ‘சிட்’, அதாவது படத்தில் பொம்மைகளை உடைக்கும் பக்கத்து வீட்டுப் பையன். கோட்நேம்களிலேயே இதுதான் சிறந்தது என்பது என் கட்சி.

பில்டு பொறுப்பு:
எங்கள் ஆபீஸில் பில்டு வேலை (நிரலைத் தொகுத்து வெளியீடாக்குவது) என் தலையில்தான், அதனால் சொல்கிறேன். சாப்பாடோ ஆறோ, அகரவரிசையில் வையுங்கள். உபுண்டு டாப்பரிலிருந்து அப்படித்தான் போகிறது. ஜாமிக்குப் பின் நோபிள் என்று பெயரைப் பார்த்தாலே தெரியும். மின்ட்டும் முதலெழுத்தை நகர்த்துகிறது. 20 வரிசையில் உல்யானா, உலிஸா, உமா, உனா. (உமா வந்த சமயம் எங்கள் டீமில் நிஜமாகவே ஒரு உமா இருந்தார். “உமாவைத் தூக்கிட்டு மறுபடி போடு” என்று பாவம் தினமும் கேட்க வேண்டியிருந்தது.)

அடுத்தது, பெயரை மனிதர்கள் மட்டும் படிப்பதில்லை, ஸ்கிரிப்ட்டும் படிக்கும். உங்கள் 404-ஏ அதற்குச் சாட்சி. 2013-இல் ஃபெடோரா என்ற லினக்ஸின் 19-க்கு ‘ஷ்ரோடிங்கரின் பூனை’ என்று வைத்தார்கள். அதை ஆங்கிலத்தில் எழுதினால் ஓ மேல் இரண்டு புள்ளி, போதாததற்கு ஒற்றை மேற்கோள் குறி வேறு. அந்தப் பெயரைப் படித்த நிரல்கள் சில தடுமாறின. 20-க்கு அப்புறம் ஃபெடோரா பெயர் வைப்பதையே விட்டுவிட்டது. ஆகவே ஒற்றைச் சொல், வெறும் எழுத்து, இடைவெளி கூடாது.

உயிரோடு இருப்பவர் பெயரும் வேண்டாம். ஆப்பிளில் பவர் மேக் 7100-ஐ உள்ளுக்குள் ‘சேகன்’ என்று அழைத்தார்கள். அது வெளியே கசிந்ததும் வானியலாளர் கார்ல் சேகன் ஆட்சேபித்தார். குழு அவரைக் கிண்டல் செய்து வேறு பெயர் வைக்க, விஷயம் நீதிமன்றம் வரை போனது.

வடைசட்டி:
சாப்பாடுதான் என் ஓட்டு. ஆண்ட்ராய்டு அப்படித்தானே செய்தது?

பில்டு பொறுப்பு:
செய்தது, 2019-இல் 10 வந்தபோது வெளியில் சொல்வதை நிறுத்தியும் விட்டது. அந்த இனிப்புகள் எல்லா நாட்டுக்காரருக்கும் தெரியாது, சில மொழிக்காரர்களுக்குப் பேச்சில் ஆங்கில எல் (L), ஆர் (R) ஒலிகள் பிரியாது, அதனால் லாலிபாப் என்றால் கிட்கேட்டுக்குப் பின் வந்தது என்று புரியாது என்றெல்லாம் கூகுள் காரணம் சொன்னது. உள்ளே மட்டும் இனிப்பு தொடர்கிறது. நீங்களும் வாடிக்கையாளருக்கு எண்ணைக் கொடுங்கள், பரோட்டாவை டீமோடு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுப்பயனர்:
சரி, கடைசியாக ஒன்று. 22.2-க்குப் போனால் பெயர் ‘ஸாரா’ ஆகிவிடுமே, டாக்கர் கோப்பைத் திரும்பவும் திருத்த வேண்டுமா?

டெர்மினல் தாத்தா:
வேண்டாம். 22 வரிசை முழுக்க அடியில் இருப்பது நோபிள்தான், நீங்கள் கையால் எழுதிய வரி அப்படியே வேலை செய்யும். அடுத்த பெரிய வரிசைக்குப் போனால் மட்டும், ஓஎஸ்-ரிலீஸில் உபுண்டு கோட்நேம் என்னவென்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.