தூரத் தீவுகளுக்குப் பார்சல் அனுப்பக் கட்டுப்படியான வழி இருக்கிறதா? கூரியர் செலவு பொருளின் விலையைத் தாண்டிவிட்டது

துணிப்பொம்மை

வணக்கம். கையால் தைத்த துணிப் பொம்மைகளை மூன்று வருடமாக ஆன்லைனில் விற்கிறேன். போன மாதம் ஒரு ஆர்டர் வந்தது, முகவரியில் செயிண்ட் டெனி, பிரான்ஸ் என்று இருந்தது. பாரிஸ் பக்கத்தில் இருக்கிற செயிண்ட் டெனிக்கு ஏற்கெனவே இரண்டு முறை அனுப்பியிருக்கிறேன், அதே ஊர்தான் என்று நினைத்துப் பழைய கட்டணத்தையே வாங்கி அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து கூரியர்காரர்களிடமிருந்து கூடுதல் பில் வந்தது. அதில் எடை திருத்தம் என்று ஒரு வரி, ரிமோட் ஏரியா சர்சார்ஜ் (எட்டாத் தொலைவுப் பகுதிக்கான கூடுதல் கட்டணம்) என்று இன்னொரு வரி. அப்புறம்தான் அஞ்சல் குறியீட்டைப் பார்த்தேன், 97400. பாரிஸ் பக்கத்து ஊருக்கு 93200. இது இந்தியப் பெருங்கடலில் இருக்கிற, பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் தலைநகரம்!

மொத்தச் செலவு பொம்மையின் விலையை விட அதிகமாகிவிட்டது. வாங்கியவரிடம் கேட்க மனம் வரவில்லை, நானே கட்டிவிட்டேன். ஆனால் அவர் பொம்மையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இரண்டு தோழிகளிடம் சொல்லியிருக்கிறார், அவர்களும் அதே தீவிலிருந்து ஆர்டர் போட்டிருக்கிறார்கள். இன்னொருவர் தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கிற பிரிட்டிஷ் தீவான செயிண்ட் ஹெலினாவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்கிறார். பெட்டி 40×30×25 செ.மீ., உண்மையான எடை 1.4 கிலோதான். கூரியர் கணக்கில் 6 கிலோ என்கிறார்கள். இது எப்படி? கடல்வழியில் மெதுவாக அனுப்புகிற வசதி ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்டிக்கணக்கு

6 கிலோ என்று அவர்கள் சொல்வது சரிதான். கூரியர்காரர்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். உங்கள் பெட்டிக்கு 30,000 வருகிறது, வகுத்தால் 6. இதுதான் வால்யூமெட்ரிக் எடை, தராசு காட்டுகிற எடையை விட இது அதிகமாக இருந்தால் இதற்குத்தான் பில். விமானத்தில் இடம்தான் விலை, அதனால் பஞ்சு அடைத்த பொம்மை அவர்களுக்கு இரும்பு மாதிரி. நீங்கள் பணம் கொடுப்பது பெட்டிக்குள் இருக்கிற காற்றுக்கு.

உங்கள் நாட்டு அஞ்சல் துறையில் ஸ்மால் பாக்கெட் (சிறு பொதி) சேவை இருந்தால், உங்கள் சரக்குக்கு அதுதான் பொருத்தம். 2 கிலோ வரை போகும், தராசு எடைக்குத்தான் கட்டணம். ஆனால் அளவுக்கு வரம்பு உண்டு: நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 90 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும், எந்தப் பக்கமும் 60-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் பெட்டி 95. ஐந்தே ஐந்து செ.மீ.-இல் கோட்டை விட்டிருக்கிறீர்கள். முதலில் பெட்டியை மாற்றுங்கள், கூரியர் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

கடல்வழி அஞ்சல் பல நாடுகளில் இப்போது கிடையாது, அமெரிக்க அஞ்சல் துறை 2007-லேயே நிறுத்திவிட்டது. கப்பலில் சரக்கு ஏற்றலாம், ஆனால் அங்கே கன மீட்டர் கணக்கில் குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும், ஒன்றிரண்டு பொம்மைக்குக் கட்டுப்படியாகாது.

நேர்வழி

நான் இதில் நிறைய அடிபட்டவன். பேசாமல் தீவுகளை உங்கள் ஷிப்பிங் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். வருடத்துக்கு நாலைந்து ஆர்டருக்காக இவ்வளவு தலைவலி வேண்டாம். ஒரு பார்சல் திரும்பி வந்தால் போன லாபமெல்லாம் போய்விடும்.

அலையோரம்

நேர்வழி அண்ணா, உங்கள் நஷ்டம் புரிகிறது, ஆனால் இந்த யோசனையோடு எனக்கு உடன்பாடில்லை. நான் ஒரு சின்னத் தீவில் வசிக்கிறேன். பொருளைத் தேடி, நிறம் பார்த்து, அளவு பார்த்து, முகவரியெல்லாம் போட்டு முடித்த பிறகு "இந்த முகவரிக்கு அனுப்ப இயலாது" என்று சிவப்பில் ஒரு வரி வரும் பாருங்கள், அது எங்களுக்கு வாராவாரம் நடக்கிறது. இத்தனைக்கும் தபால்காரர் என் வீட்டுக்குத் தினமும் வருகிறார். அட்லாண்டிக் நடுவில் இருக்கிற டிரிஸ்டன் ட குன்ஹாவில் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள், விமான நிலையம் கிடையாது, கேப் டவுனிலிருந்து கப்பல் வந்தால்தான் உண்டு. அவர்களுக்கு 2005-ல் TDCU 1ZZ என்று ஒரு பிரிட்டிஷ் அஞ்சல் குறியீடு கொடுத்தார்கள், ஏனென்றால் குறியீடு இல்லாமல் ஆன்லைனில் எதையும் வாங்க முடியவில்லை.

துணிப்பொம்மை அக்கா, வாங்குகிறவரிடமே கேளுங்கள். எந்த வழியில் வந்தால் சரியாக வரும், எது மாதக்கணக்கில் மாட்டிக்கொள்ளும் என்று தீவுக்காரர்களுக்குத்தான் தெரியும். பலர் பெரிய நகரம் ஒன்றில் ஃபார்வர்டிங் முகவரி வைத்திருப்பார்கள். அங்கே அனுப்பினால் போதும், மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாள் அதிகமானால் நாங்கள் கோபப்பட மாட்டோம், முன்னாலேயே சொல்லிவிட்டால் சரி.

பெட்டிக்கணக்கு

அலையோரம் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீவுகளை நீக்க வேண்டாம், தனி ஷிப்பிங் மண்டலமாகப் பிரியுங்கள். அஞ்சல் குறியீட்டின் முதல் எழுத்துகளை வைத்தே பிடித்துவிடலாம். பிரான்ஸில் 971 குவாதலூப், 972 மார்ட்டினிக், 974 ரீயூனியன். ஸ்பெயினில் 35, 38 என்று தொடங்கினால் கேனரி தீவுகள். அமெரிக்காவில் 967, 968 ஹவாய், 969 குவாம் பக்கம். பிரிட்டனில் ZE ஷெட்லாண்ட், HS வெளி ஹெப்ரிடீஸ். டிஎச்எல், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் மூன்றுமே ரிமோட் ஏரியா பட்டியலை வெளியிடுகிறார்கள், புக் செய்வதற்கு முன் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

ரீயூனியனில் வரி வேறு மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் வாட் (மதிப்புக் கூட்டு வரி) எல்லைக்கு வெளியே. அங்கே வாட் 8.5 சதவீதம், அதோடு ஆக்ட்ருவா தெ மேர் என்று உள்ளூர் வரி ஒன்றும் உண்டு. வாங்குபவர்தான் இந்த வரிகளைக் கட்டுவார் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள், இல்லையென்றால் பார்சலை வாங்காமல் திருப்பிவிடுவார். சுங்கப் படிவத்தில் "கிஃப்ட்" என்று எழுதவே எழுதாதீர்கள். துணிப் பொம்மை, எத்தனை, என்ன விலை, எச்எஸ் குறியீடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்) 9503, அவ்வளவுதான். பொம்மை ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டுகிற சிஇ குறி இருக்கிறதா?

துணிப்பொம்மை

சிஇ குறி இருக்கிறது, பிரான்ஸுக்கு விற்க ஆரம்பித்தபோதே போட்டுவிட்டேன்.

நேற்று ராத்திரி உட்கார்ந்து முயற்சி செய்து பார்த்தேன். காற்றை உறிஞ்சி எடுக்கிற பையில் யானைப் பொம்மையைப் போட்டு அழுத்தினேன், அப்பளம் மாதிரி ஆகிவிட்டது, பார்க்கவே பாவமாக இருந்தது. காலை வரை அப்படியே வைத்துவிட்டுத் திறந்தேன். பாலியெஸ்டர் ஃபைபர் அடைத்தது பத்து நிமிஷத்தில் பழைய வடிவத்துக்கு வந்துவிட்டது, ஒரு காது மட்டும் மடிந்தே நின்றது, கொதிக்கிற கெட்டிலின் ஆவியில் காட்டினேன், நிமிர்ந்துவிட்டது. இலவம் பஞ்சு அடைத்த முயல் மட்டும் கட்டி கட்டியாகிவிட்டது, அதை அழுத்தி அனுப்பவே முடியாது. யானைக்கு இப்போது 35×25×12 பெட்டி போதும், கூட்டினால் 72 வருகிறது. கூரியர் கணக்கில் போட்டாலும் 2.1 கிலோதான்! தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகவே கேட்டேன், கூரியர் கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. செயிண்ட் ஹெலினாவுக்கும் இப்படியே அனுப்பலாமா?

அலையோரம்

அனுப்பலாம். அங்கே 2017 அக்டோபரில்தான் பயணிகள் விமானம் வர ஆரம்பித்தது, அதற்கு முன் எல்லாமே கப்பல்தான். அதனால் நாள் கணக்கை நீட்டியே சொல்லுங்கள். குறியீடு STHL 1ZZ, முகவரியின் கடைசியில் தெற்கு அட்லாண்டிக் பெருங்கடல் என்று ஆங்கிலத்தில் எழுதுங்கள். நாடு என்ற இடத்தில் செயிண்ட் ஹெலினாவையே தேர்ந்தெடுங்கள், பிரிட்டனைப் போடாதீர்கள், உங்களுக்கு ரீயூனியனில் நடந்ததே திரும்ப நடக்கும்.

நேர்வழி

காற்றுப் பை யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. என்னிடம் இருப்பது தலையணை உறைகளும் சின்னத் தலையணைகளும். இந்த வாரம் அளந்து பார்க்கிறேன், 90-க்குள் வந்தால் 974-ஐ மட்டும் திறந்து வைக்கிறேன்.

துணிப்பொம்மை

ரீயூனியன் பார்சல் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டன, ஒன்று 17 நாள், இன்னொன்று 22 நாள். நடுவில் எட்டு நாள் டிராக்கிங் அசையவே இல்லை, பயந்துவிட்டேன், அவர்கள்தான் எனக்குத் தைரியம் சொன்னார்கள். காதை எப்படி நிமிர்த்துவது என்று ஒரு சின்னச் சீட்டு எழுதிப் பெட்டியில் வைத்திருந்தேன். குழந்தை கெட்டில் பக்கத்தில் யானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை அனுப்பியிருக்கிறார்கள். செயிண்ட் ஹெலினா பெட்டியை இன்று காலை கொடுத்தாயிற்று.