புதுப்பிப்பு: எறும்பு விற்பனையா, தத்தா?

எறும்பு வளர்ப்போருக்காகக் கட்டெறும்பு ராணி ஒன்றை மட்டக்களப்புக் கல்லடியில் ‘தத்துக் கொடுக்கிறேன், 1,500 ரூபாய்’ என்று போன மாதம் எழுதி நன்றாக வாங்கிக் கட்டினேனே, அதன் தொடர்ச்சி. சரி, காசு கை மாறினால் விற்பனைதான், திருத்திவிட்டேன்.

ஆனால் சோதனைக் குழாயில் தண்ணீர், பஞ்சு, சிறகு உதிர்த்த ராணி, நாலைந்து முட்டை, இவ்வளவையும் ‘காலனி’ (எறும்புக் கூட்டம்) என்று விற்பதை மட்டும் ஒப்பமாட்டேன், முதல் வேலைக்கார எறும்புகள் வெளிவந்த பிறகுதான் அந்தப் பெயர். ஆரையம்பதித் தம்பி ஒருவர் ‘குடி’ என்று சொல்லலாமே என்றார். மட்டக்களப்பில் குடி என்கிற குலம் தாய்வழியில் வருவது, எறும்புப் புற்றில் வேலை செய்வதும் தாயின் பெண்மக்களே, எனக்குப் பிடித்துவிட்டது (‘குடி விற்பனைக்கு’ என்று போட்டால் பொலிஸ்தான் வரும்).

ராணி இன்னும் விலைபோகவில்லை, மேசை லாச்சியில் இருட்டில் இருக்கிறாள்.