மோசே மலையில இருந்தப்போ கீழ ஏன் இப்படி ஆச்சு?

ஏற்காட்டு டீச்சர்: ஏற்காட்டுல சண்டே கிளாஸ் எடுக்குறேங்க, இந்த வாரம் பைபிள்ல யாத்திராகமம் 32ஆம் அதிகாரம். மோசே மலைமேல போயி 40 நாள் இருந்துட்டாரு, ஆள் என்ன ஆனாருன்னே தெரியலன்னு ஜனங்க அவரு அண்ணன் ஆரோனைச் சுத்திக்கிட்டு சாமி செஞ்சு குடுங்கறாங்க, அவரும் காதுல கிடக்குற பொன் கம்மலைக் கழட்டிட்டு வாங்கன்னு வாங்கி, அதுல கன்னுக்குட்டி செஞ்சு குடுத்துட்டாரு. ஏன் எதிர்த்து நிக்கல? பசங்க கேட்டா என்ன சொல்ல?

அஸ்தம்பட்டி அண்ணன்: அதே யாத்திராகமம் 24:14 பாருங்க சிஸ்டர். ஆரோன், அப்புறம் ஊர்னு பேருள்ள ஒருத்தர், இந்த ரெண்டு பேரை நம்பி விட்டுட்டுதான் மோசே போறாரு. அப்புறம் இந்த ஊர்ங்கிறவரு என்ன ஆனாருன்னு பேச்சே இல்ல. தடுக்கப் போனவரைக் கூட்டம் கொன்னுடுச்சு, அதைப் பாத்துதான் ஆரோன் பயந்தாருன்னு யூத ரபிகள், அதாவது யூத மத குருமார், சொல்றாங்க. பைபிள்ல அது இல்ல, அதையும் பசங்ககிட்ட சொல்லிடுங்க.

கோட்டை பாய்: குர்ஆன்லயும் வருதுங்க. அதுல கன்னுக்குட்டி செஞ்சது ஸாமிரின்னு ஒருத்தன். ஹாரூன் நபி, அதாவது உங்க ஆரோன், தடுத்துப் பாத்தாரு, என்னைக் கொல்லவே பாத்தாங்கன்னு மூசா நபிகிட்ட (மோசேகிட்ட) சொல்றாரு, 7:150.

ஏற்காட்டு டீச்சர்: ரொம்ப நன்றிங்க. ஆனா மோசே இறங்கி வந்தப்புறம் அவரு சொல்லி, அவரோட கோத்திரத்துக்காரங்களான லேவியர் கையால சுமார் 3,000 பேர் செத்தாங்களே, அதை நினைச்சாலே நெஞ்சை அடைக்குது. விட்டுடலாமா?

அஸ்தம்பட்டி அண்ணன்: விடாதீங்க. வாள் எடுத்தவங்களும் சாமி பேராலதான் எடுத்தாங்க, வெட்டினது சொந்த சகோதரனையும் பக்கத்து கூடாரத்துக்காரனையும். 27ஆம் வசனத்தையும் சத்தமா வாசிங்க, பசங்க கேள்வி கேக்கட்டும், அவசரப்பட்டு பதில் சொல்லிடாதீங்க.