பொருள்: கடவுச்சொல் கேட்டுத் திறக்கும் கோப்புறைக்கு என்ன சொல்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வீட்டுக் கணினியில் சொந்தக் கோப்புகளைப் பிறர் பார்க்காமல் காப்பது பற்றிய கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. வரைவு முழுக்க "கோப்புறைப் பூட்டு" என்றே இருக்கிறது. எல்லாருக்கும் புரியும் சொல்தான். ஆனால் கோப்புறையைக் கண்ணில் படாமல் வைப்பது, பயனர் அனுமதியை நீக்குவது, ஜிப் கோப்புக்குக் கடவுச்சொல் இடுவது, வெராகிரிப்ட் என்ற மென்பொருளில் கலன் (பல கோப்புகளை உள்ளடக்கிக் காக்கும் ஒரே கோப்பு) உருவாக்குவது ஆகிய நான்குக்கும் இந்த ஒரே சொல் நிற்கிறது. கடைசி இரண்டுக்கும் "மறையாக்கம்" (என்கிரிப்ஷன், கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) என்றும், வெராகிரிப்ட் கலனுக்கு "மறைபேழை" என்றும் வைக்கலாமா? பூட்டை விட்டுவிடலாமா?

---

> பூட்டை விட்டுவிடலாமா?

விட்டுவிடுங்கள். வாசிப்பவர் முதலில் கிடைக்கும் பூட்டைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார், அதுதான் சிக்கல்.

முதல் வகை வெறும் ஒளித்தல். கோப்புறையின் பண்புகளில் ஒரு குறி இடுகிறோம், அவ்வளவே. எக்ஸ்ப்ளோரரின் காட்சி அமைப்பை மாற்றினால் வெளியே வந்துவிடும். இணையத்தில் பல காலமாக உலவும் பேட்ச் கோப்பு (கட்டளைகளை வரிசையாக எழுதிய உரைக் கோப்பு) வித்தையும் இதே இனம். கடவுச்சொல் கேட்பதுபோல் கேட்கும். ஆனால் அந்தக் கடவுச்சொல் பேட்ச் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும், நோட்பேடில் திறந்தால் படித்துவிடலாம்.

அனுமதி நீக்கம் கொஞ்சம் மேல். ஆனால் அந்த அனுமதிப் பட்டியலை மதிப்பது இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ்தான். நிர்வாகி உரிமை உள்ள இன்னொருவர் கோப்புறையின் உரிமையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடக்கினால், வட்டு மறையாக்கப்படாதவரை, எல்லாம் திறந்தே கிடக்கும். இதற்கு "அணுகல் தடை" என்ற சொல் போதும்.

ஜிப்புக்குக் கடவுச்சொல் இடுவதில் இரண்டு முறை உண்டு. 7-ஜிப் மென்பொருளில் ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் முன்னிருப்பாக வருவது ஜிப்கிரிப்டோ என்ற பழைய முறை. உள்ளே இருக்கும் கோப்பு ஒன்றின் சிறு பகுதி தெரிந்தாலே அதை உடைக்க முடியும் என்று 1994இலேயே காட்டிவிட்டார்கள். ஏஇஎஸ்-256 என்ற வலுவான முறைக்கு மாற்றினாலும் ஜிப்பில் கோப்புப் பெயர்கள் மறையாது. "வருமான வரி 2023" என்ற பெயரை யாரும் பார்க்கலாம், திறக்கத்தான் முடியாது. 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டைத் தேர்ந்து, கோப்புப் பெயர்களையும் மறையாக்கும் தேர்வுப்பெட்டியைக் குறித்தால்தான் பெயரும் மறையும். கையேட்டில் இந்த ஒரு படி கட்டாயம் வேண்டும்.

விண்டோஸில் பண்புகள், மேம்பட்டவை என்று போனால் வரும் மறையாக்கக் குறியைப் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லை. ஹோம் பதிப்பில் அது மங்கலாகவே இருக்கும், அழுத்த முடியாது. புரோவில் வேலை செய்யும், ஆனால் தனியாகக் கடவுச்சொல் எதுவும் கேட்காது. சாவி பயனர் கணக்கோடு கட்டப்பட்டிருப்பதால், அந்தக் கணக்கில் நுழைந்த யாருக்கும் கோப்பு தானாகத் திறக்கும். பழைய விண்டோஸ் பதிப்புகளில், எக்ஸ்ஃபேட் வடிவமைப்புள்ள பென்டிரைவுக்கு நகலெடுத்தால் மறையாக்கம் இல்லாமலே போய்ச் சேர்ந்தது. அந்தச் சாவி அடங்கிய சான்றிதழை ஏற்றுமதி செய்து வைக்காமல், நிர்வாகி அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை வெளியிலிருந்து மாற்றியமைத்தால், உரியவரே கோப்பை இழப்பார்.

---

மறையாக்கத்துக்கு என் ஆதரவு. "குறியாக்கம்" என்று எழுதுவோரும் உண்டு. ஆனால் யுனிகோடு பற்றிப் பேசும்போது, எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் என்கோடிங்குக்கு அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்தான்.

"மறைபேழை" மட்டும் இடிக்கிறது. ஒற்றில்லாமல் எழுதினால் வினைத்தொகை, மறைந்துபோகும் பேழை என்று பொருள்பட இடமுண்டு. அந்தக் கோப்போ எல்லார் கண்ணிலும் படும்படிதான் கிடக்கிறது, உள்ளிருப்பதுதான் புரியாது. இரகசியம் என்ற பொருளில் "மறை"யைப் பெயராகக் கொண்டால் ஒற்று மிகுந்து "மறைப்பேழை" ஆகும். அப்படியே வைக்கலாம்.

ஒளித்து வைத்த கோப்பை "மறைந்த கோப்பு" என்று எழுதியிருப்பதையும் மாற்றுங்கள். இரங்கல் தெரிவிக்கத் தோன்றுகிறது. "ஒளித்த கோப்பு" நன்று.

---

மறைப்பேழை சரி. "மவுண்ட்" செய்வதற்கு என்ன? வரைவில் "ஏற்று" என்று இருக்கிறது, பதிவேற்றத்தோடு மோதும். "பொருத்து", எதிர்ச்செயலுக்குக் "கழற்று" என்று முன்மொழிகிறேன். வேலையும் அப்படித்தான் நடக்கிறது. முதலில் பேழையின் அளவை, 2 ஜிபி என்றால் 2 ஜிபி, முன்கூட்டியே சொல்லிக் கோப்பை உருவாக்குகிறோம். பிறகு ஓர் இயக்கக எழுத்தை (டி, இ போன்றது) தேர்ந்து கடவுச்சொல் கொடுத்தால் அது தனி இயக்ககமாகப் பொருந்துகிறது. ("வட்டெழுத்து" என்று சுருக்கிவிடாதீர்கள், கல்வெட்டு படிப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள்.) பேழைக் கோப்பை வைக்கும் பென்டிரைவ் ஃபேட்32 வடிவமைப்பில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் பேழை போடவே முடியாது.

"கழற்று" என்ற சொல்லில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பொருத்தியிருக்கும் வரை பேழை திறந்த வீடு, கணினி முன் அமரும் யாரும் படிக்கலாம். கழற்றாமல் கணினியை உறக்கநிலைக்கு (ஹைபர்னேட்) அனுப்பினால் நினைவகத்தில் உள்ள சாவியும் சேர்ந்து வட்டில் எழுதப்படக்கூடும். ஆகவே கழற்றிவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

பேழைக்குள் கோப்பை நகலெடுத்த பின் வெளியே உள்ள மூலத்தை அழித்தாலும் அதன் எச்சம் நிற்கும். ஹார்ட் டிஸ்க்கில் மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் வாய்ப்பு குறைவு, ஆனால் நம்பி இருக்க முடியாது. படங்களின் சிறுபடச் சேமிப்பும் தற்காலிகக் கோப்புகளும் வேறு. 7-ஜிப்பில் உள்ளிருக்கும் கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்தால் அது தற்காலிகக் கோப்புறையில் விரிந்த பிறகே திறக்கும். இதற்கு "வெளியெச்சம்" என்று ஒரு சொல் வைத்தால் என்ன? ஆங்கிலத்தில் நேர்ச்சொல் இல்லாவிட்டாலும் கையேட்டுக்குத் தேவை.

---

வெளியெச்சம் அருமை. எடுத்துக்கொள்ளலாம்.

வரைவில் கடவுச்சொல்லையும் சாவியையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. கோப்புகளை மறையாக்குவது பேழை உருவாகும்போதே தற்செயலாகத் தேர்ந்த முதன்மைச் சாவி. அது பேழையின் தலைப்பகுதியில் பூட்டிக் கிடக்கிறது, நம் கடவுச்சொல் அந்தத் தலைப்பகுதியை மட்டும் திறக்கிறது. அதனால்தான் கடவுச்சொல்லை மாற்றினால் முழுப் பேழையும் மீண்டும் மறையாக்கப்படாமல் வேலை சட்டென்று முடிகிறது. தலைப்பகுதி சிதைந்தால் சரியான கடவுச்சொல்லும் பயன்படாது. வெராகிரிப்ட் அதன் நகல் ஒன்றைப் பேழையின் கடைசியில் வைத்திருக்கும், வெளியேயும் ஒரு நகல் எடுத்து வைப்பது நல்லது. ஆனால் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு பழைய வெளிநகலை அழித்துவிட வேண்டும். அதுவும் பழைய கடவுச்சொல்லும் கிடைத்தவர் இன்றைய பேழையையும் திறப்பார்.

நம் ஆட்களுக்கென்றே இன்னொரு கண்ணி. தமிழில் கடவுச்சொல் வைக்க ஆசைப்படுவோர் உண்டு. "கொ" என்பதை ஒரு விசைப்பலகை ஒகரக் குறியாக ஒரே குறியீட்டில் இடும், இன்னொன்று எகரக் கொம்பும் காலுமாக இரண்டாக இடும். திரையில் வேறுபாடு தெரியாது. யுடிஎஃப்-8 என்ற யுனிகோடு சேமிப்பு முறையில் முன்னது 6 பைட்டு, பின்னது 9 பைட்டு. கடவுச்சொல்லைப் பைட்டுகளாகவே எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு இவை இரண்டு வேறு கடவுச்சொற்கள். கணினியை மாற்றிய அன்று பேழை திறக்காது, தட்டச்சுப் பிழை என்று நினைத்து அடித்துக்கொண்டே இருப்பார்கள். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில், தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களாகக் கோத்து வைக்கச் சொல்லலாம்.

---

பட்டியலில் ஏற்றிவிட்டேன்: ஒளித்தல், அணுகல் தடை, மறையாக்கம், மறைநீக்கம், மறைப்பேழை, பொருத்து, கழற்று, தலைப்பகுதி, முதன்மைச் சாவி, வெளியெச்சம். "பூட்டு" திரைப்பூட்டுக்கு மட்டும் இருக்கட்டும்.

---

ஒன்று விட்டுப்போனது. வரைவின் கடைசிப் பத்தியில் "கடவுச்சொல் மறந்தால் மீட்டுக்கொள்ளலாம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். விண்டோஸின் வட்டு மறையாக்கமான பிட்லாக்கரில் 48 இலக்க மீட்புச் சாவி உண்டு, அதற்கு அந்த வரி பொருந்தும். வெராகிரிப்ட் பேழைக்கு அப்படி ஒன்று கிடையாது. "மீட்புச் சாவி"யை பிட்லாக்கர் பகுதியில் மட்டும் சேர்த்தால் போதும்.