உதவி: ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டில் குதிகால் தூக்குது, கணுக்கால் உள்ளே மடியுது, பிளேடும் துரு

பந்திங்_அம்மா:
வணக்கம். மகனுக்கு 14 வயசு, எடை 48 கிலோ. மாசம் ரெண்டு தடவை புத்ராஜெயா ஐஸ் ரிங்குக்குப் (உள்ளரங்க ஐஸ் தளம்) போய் ஐஸ் ஹாக்கி பழகுறான். நாங்க இருக்கிறது பந்திங் பக்கம் தோட்டத்துல. போட்டுப் பார்த்து வாங்க இங்க கடை கிடையாது. அதனால ஆன்லைன்ல பழைய ஸ்கேட் ஒண்ணு 350 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கினோம். பள்ளிச் சப்பாத்து 7, வளர்ற பிள்ளைன்னு ஸ்கேட்டை 8 எடுத்தோம். இப்ப பிரச்சினை:
ஐஸ்ல இறங்கி 20 நிமிஷத்துல குதிகால் தூக்குது, கொப்புளம் வருது. ரெண்டு காலுறை போட்டும் சரியாகலை.
கணுக்கால் ரெண்டும் உள்பக்கமா மடியுது. கால்ல பலம் இல்லைன்னு சொல்றாங்க.
பிளேடுல பழுப்பா துரு.
வலது ஸ்கேட்ல முன்னால ஒரு ரிவிட் ஆடுது.
புதுசு வாங்கணும்னா 800 வெள்ளிக்குள்ள முடியுமா? நல்லா உழைக்கிறதா இருக்கணும்.

தாமான்_வாசி:
இந்த வெயில் ஊர்ல ஐஸ் ஹாக்கி தேவையாக்கா? பேட்மிண்டன் சேர்த்து விடுங்க, ராக்கெட் ஒண்ணு போதும்.

சாணைக்கல்:
2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுலதான் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) ஐஸ் ஹாக்கி முதல் தடவையா வந்துச்சு. தங்கம் எடுத்தது பிலிப்பைன்ஸ். அங்கயும் பனி பெய்யறதில்லை தம்பி.

அக்கா, வேற எதையும் பேசறதுக்கு முன்னால கால் அளவு வேணும். சாயங்காலம் எடுங்க, பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஏ4 தாளை சுவரோரம் வைங்க. பையன் குதிகால் சுவரை ஒட்டி, உடம்பு எடை முழுக்க அந்தக் கால்ல வச்சு நிக்கணும். நீளமான விரல் முடியிற இடத்துல ஒரு கோடு, முன்பாதத்துல அகலமான இடத்துல ரெண்டு பக்கமும் கோடு. பென்சில் நேரா நிக்கணும், சாய்ஞ்சா 3, 4 மில்லிமீட்டர் தப்பிடும். ரெண்டு காலையும் எடுத்துப் போடுங்க.

பந்திங்_அம்மா:
இடது 252, வலது 254. அகலம் ரெண்டும் 99. பள்ளிச் சப்பாத்துல கட்டைவிரலுக்கு முன்னால ஒரு விரல் இடம் இருக்கு, வருஷக் கடைசி வரைக்கும் வரணும்னு வாங்கினது.

சாணைக்கல்:
அந்த ஒரு விரல் இடம்தான் மொத்தக் கணக்கையும் கெடுத்திருக்கு.

பள்ளிச் சப்பாத்துல இருக்கிற 7 பிரிட்டிஷ் அளவு, அமெரிக்க ஆண்கள் அளவுல அது 8. ஹாக்கி ஸ்கேட் எண் அமெரிக்க சப்பாத்து எண்ணைவிட 1 முதல் 1.5 வரைக்கும் குறைவா இருக்கும். அந்தக் கணக்குல பார்த்தாலே 6.5லருந்து 7தான். ஆனா சப்பாத்துல ஏற்கெனவே இடம் விட்டிருக்கீங்க, அதனால சப்பாத்து எண்ணை விட்டுட்டு காலை நம்புங்க. 254 மில்லிமீட்டர் காலுக்கு ஸ்கேட் 6. ஒரு முழு சைஸுக்கு வித்தியாசம் சுமார் 8.5 மில்லிமீட்டர். நீங்க வாங்கின 8க்குள்ள பையன் காலுக்கு 17 மில்லிமீட்டர் வெத்திடம்.

கணுக்கால் மடியறதும் இதனாலதான், பலவீனம் இல்லை. ஸ்கேட் பூட்ல குதிகாலுக்கு ஒரு குழி, கணுக்கால் எலும்புக்கு ரெண்டு பக்கமும் குழி இருக்கும். கால் நீளத்துல பொருந்தினாத்தான் எலும்பு அந்தக் குழியில உட்காரும். பெரிய பூட்ல கால் முன்னால நழுவுது, எலும்பு குழியை விட்டு வெளிய வருது, அப்புறம் பிடிச்சு நிறுத்த ஒண்ணும் இல்லை. கயிறை இறுக்கினா மேல நரம்புதான் வலிக்கும். ரெண்டு காலுறை போட்டா சுத்தளவு நிறையும், நீளம் அப்படியேதான் இருக்கும். துணிக்குள்ள துணி வழுக்கறதால கொப்புளம் இன்னும் கூடும். மெல்லிய காலுறை ஒண்ணு போதும்.

உழைக்கணும்னு கேட்டீங்க. பெரிய பூட் வேகமா செத்துடும். கால் மடங்கற இடமும் பூட் மடங்கற இடமும் வேற வேறயா இருந்தா, கணுக்கால் பக்கச் சுவர்ல மடிப்பு விழுந்து அங்கயே தொய்ஞ்சிடும். அப்புறம் சரியான கால் உள்ள போனாலும் அது நிமிராது.

சரியான பூட்டைப் போட்டா என்ன தெரியணும்: உட்கார்ந்து, குதிகாலை ரப்பர் பாய்ல ரெண்டு தடவை தட்டி பின்னால உட்கார வைச்சு, கயிறு கட்டணும். நேரா நிக்கும்போது கட்டைவிரல் முன் மூடியை லேசா உரசணும். முழங்காலை மடக்கி ஹாக்கி நிலையில நின்னா விரல் பின்வாங்கி உரசல் போயிடணும். மடக்கின பிறகும் விரல் சுருங்கி நின்னா சின்னது. நிமிர்ந்து நிக்கும்போதே தொடலைன்னா பெருசு. கயிறு கட்டின பிறகு ரெண்டு வரிசை ஓட்டைக்கும் நடுவுல 4 முதல் 5 செண்டிமீட்டர் இடைவெளி இருக்கணும். வரிசைகள் கிட்டத்தட்ட முட்டினா பூட் பருமன் அதிகம்.

வளர்ச்சிக்கு விடலாம்னா அரை சைஸ், அதாவது 4 மில்லிமீட்டர். அதுக்கு மேல ஒரு மில்லியும் வேண்டாம்.

நூலேணி:
நீளம் பத்தி அண்ணன் சொன்னது சரி. அகலத்தையும் சேர்த்துக்கறேன், 99ங்கிறது 254 காலுக்கு அகலம்தான். சிலிப்பர்லயும் வெறுங்கால்லயும் வளர்ற பிள்ளைங்களுக்கு முன்பாதம் விரிஞ்சும் குதிகால் ஒல்லியாவும் இருக்கும். கடைக்காரர் உடனே அகல மாடலைத் தருவார். அதுல குதிகாலும் சேர்ந்து அகலமாயிடும், பழையபடி தூக்கும்.

ஸ்கேட் கம்பெனிகள்ல பாவர்ல ஃபிட் 1, 2, 3ன்னு இருக்கு, 1 ஒல்லி, 3 பருமன். சிசிஎம் கம்பெனியில ஒடுங்கினது, சாதாரணம், அகலம்னு மூணு. பழைய மாடல்கள்ல டி, இஇ எழுத்து இருக்கும், இஇ அகலம். இந்தக் காலுக்கு நடு ஃபிட்டை எடுத்து, சுண்டுவிரல் பக்கம் அழுத்தற இடத்தை மட்டும் கடையில நெம்பி விரிக்கச் சொல்லலாம். குதிகாலைப் பிடிக்கிறதா பார்த்து எடுத்துட்டு முன்னால விரிச்சுக்கலாம். தளர்ந்த குதிகாலைக் குறுக்க வழி கிடையாது.

பூட்டோட உயரத்துக்கும் ஒரு சோதனை. மேல மூணு ஓட்டைக் கயிறைத் தளர்த்தி பூட் நாக்கை முன்னால இழுங்க. மேலருந்து மூணாவது ஓட்டை ஜோடி மேல பென்சிலைக் குறுக்கா வைங்க. பென்சில் காலைத் தொடாம ஓட்டை மேல படுத்தா சரி. கால்ல முட்டி ஆடினா பூட் ஆழம் போதாது, அந்த இடத்துலதான் பிறகு கயிறு கடிக்கும்.

மோட்டார்_பட்டறை:
அடுப்புல சூடாக்கினா பூட் காலுக்கு ஏத்த மாதிரி வளையும்னு சொல்றாங்களே. ஹேர் டிரையர் போதாதா? இந்த 8ஐயே சுருக்க முடியாதா?

நூலேணி:
சூடு நீளத்தைக் குறைக்காது. பக்கச் சுவரை காலுக்கு ஒட்ட வைக்கும், அவ்வளவுதான். 8 எப்பவும் 8.

கடையில இதுக்குன்னே காத்தோட்ட அடுப்பு இருக்கு. நிறைய மாடலுக்கு சுமார் 80 டிகிரி செல்சியஸ், சில நிமிஷம். எத்தனை நிமிஷம்னு மாடலுக்கு மாடல் மாறும், சில மலிவு மாடலை சூடாக்கவே கூடாது. எடுத்ததும் போட்டு, கயிறைப் பக்கவாட்டுல இழுக்காம முன்னோக்கி இழுத்து அளவா கட்டணும், இல்லேன்னா இளகின ஓட்டை கிழிஞ்சிடும். முழங்கால் 90 டிகிரியில உட்கார்ந்து 10, 15 நிமிஷம். எழுந்து நடக்கக் கூடாது. 24 மணி நேரம் கழிச்சுத்தான் ஐஸ். வீட்டு கேஸ் அடுப்புல நெருப்பு ஒரு பக்கமா அடிக்கும், ஒட்டின பசை விட்டுப்போகும். டிரையர் ஒரே இடத்தைச் சுடும், பக்கத்து இடம் சில்லுனு இருக்கும்.

சாணைக்கல்:
கணுக்கால் எலும்பு மாதிரி ஒரு சின்ன இடத்துக்கு டிரையர் உதவும், அதை மட்டும் ஒத்துக்கறேன். முழு பூட்டுக்கு நூலேணி சொல்றதுதான்.

மோட்டார்_பட்டறை:
சரி. ரிவிட் என் ஏரியா. பாப் ரிவிட் அடிச்சா ஆச்சு, 2 வெள்ளி.

சாணைக்கல்:
அலுமினியம் பாப் ரிவிட் மோட்டார் கவருக்கு சரி. இங்க ஒரு காலைத் தள்ளும்போது உடம்பு எடை முழுக்க அந்த ஹோல்டர் (பூட் அடியில பிளேடைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் தாங்கி) மேல வருது, பக்கவாட்டு இழுப்பு வேற. நாலஞ்சு தடவையில அலுமினியம் தளர்ந்து, பூட் அடியில ஓட்டை நீள்வட்டமாயிடும். அதுக்கப்புறம் எந்த ரிவிட்டும் நிக்காது. இன்சோலை (பூட் உள்ள கால் மிதிக்கிற மெத்தை) தூக்கி உள்ள பாருங்க, ரிவிட் தலை பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா ஈரம் உள்ளயே தங்கியிருக்கு. ஸ்கேட் ரிவிட் செம்பு அல்லது எஃகு, உள்பக்கம் வாஷர் வச்சு அழுத்தணும். அது கிடைக்கிற வரைக்கும் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் பூட்டுநட்டும் போடலாம், தலை தட்டையா இருக்கணும், இன்சோல் மேல நெருடக் கூடாது. சுத்தியல்ல தட்டி இறுக்க வேண்டாம், ஹோல்டர் பிளாஸ்டிக் கீறிடும்.

பந்திங்_அம்மா:
துருவுக்கு என்ன செய்யறது? ரிங்க்ல துடைச்சுத்தான் பையில போடறான்.

சாணைக்கல்:
துடைச்ச பிறகுதான் ஈரமாகுது. ஐஸ் மைலோ டம்ளரை மேசையில வச்சா வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரிதான் இதுவும். ஜில்லுனு இருக்கிற எஃகு ரிங்கை விட்டு வெளிய வந்து நம்ம ஊர் ஈரக்காத்து பட்டதும் தண்ணி கோத்துக்கும். அதை அப்படியே பையில மூடி, பந்திங் வந்து சேர்ற வரைக்கும் வச்சிருந்தா துரு நிச்சயம்.

அதனால ரெண்டு தடவை துடைக்கணும். ஐஸைவிட்டு ஏறினதும் ஒண்ணு. அரை மணி நேரம் கழிச்சு, பிளேடு கைக்கு ஜில்லுனு தெரியாதப்ப இன்னொண்ணு. இடையில பையை மூட வேண்டாம். வைக்கும்போது டவல் துணி உறை மட்டும் போடுங்க. கெட்டி பிளாஸ்டிக் உறை நடக்க மட்டும், அதுக்குள்ள தண்ணி தேங்கும். வீட்டுல இன்சோலை வெளிய எடுத்து, நாக்கை விரிச்சு, ஃபேன் காத்துல விடுங்க. வெயில்ல வேண்டாம். காடி டிக்கியில ராத்தங்கல் வேண்டவே வேண்டாம், வெயில்ல நிக்கிற காடி உள்சூடு பசையை இளக்கும். விசை அழுத்திக் கழட்டற பிளேடா இருந்தா கழட்டி, ஹோல்டர் பள்ளத்துக்குள்ளயும் துடைக்கணும். அங்கதான் துரு முதல்ல ஆரம்பிக்கும், யாரும் பார்க்க மாட்டாங்க. அடுத்த ரெண்டு வாரம் ஐஸ் இல்லைன்னா தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு துணியில தடவி இழுத்து விடுங்க.

மேலோட்டமான பழுப்பு சாணை பிடிச்சா போயிடும். விளிம்புல குழி விழுந்திருந்தா அது மறையற வரைக்கும் தேய்க்கணும், பிளேடு ஆயுள் அந்த அளவுக்குக் குறையும்.

நூலேணி:
சாணைன்னதும் ஞாபகம், பள்ளம் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க. பிளேடு அடியில நடுவுல ஒரு பள்ளம், ரெண்டு பக்கமும் விளிம்பு. பள்ளத்தோட வளைவு ஆரத்தை அங்குலத்துல சொல்வாங்க: 3/8 ஆழம், 1/2 நடு, 5/8 மேலோட்டம். எண் சின்னதா இருந்தா பிடிப்பு அதிகம். எடை குறைஞ்ச பிள்ளைக்கு ஆழம் வேணும். ஆனா ஐஸ் மிருதுவா இருந்தா ஆழமான விளிம்பு உள்ள போய் மாட்டிக்கும், நிறுத்தவும் திரும்பவும் கஷ்டம். 48 கிலோவுக்கு 1/2ல ஆரம்பிங்க. 10 முதல் 15 மணி நேர ஐஸுக்கு ஒரு சாணை.

வாங்கினதும் அங்கயே ஒரு சோதனை: ஸ்கேட்டைத் தலைகீழா பிடிச்சு, 20 சென் காசை பிளேடு மேல படுக்க வைங்க, ரெண்டு விளிம்பும் தாங்கற மாதிரி. ஒரு முனையிலருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க. படுத்திருக்கிற காசு பிளேடுக்கு நேர் குறுக்கா, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல இருக்கணும். ஒரு பக்கம் சரிஞ்சா ஒரு விளிம்பு உயரம், பையன் ஒரு பக்கம் மட்டும் வழுக்குவான். அப்படி இருந்தா அப்பவே திருப்பிக் கொடுங்க.

பந்திங்_அம்மா:
இப்ப புரியுது. 800க்குள்ள என்ன எடுக்கலாம்? விலை அதிகமா இருந்தா அதிக நாள் உழைக்குமா?

சாணைக்கல்:
விலை அதிகம்னா அதிக நாள் உழைக்கும்னு இல்லை. உச்ச மாடல் 1000 அமெரிக்க டாலரைத் தாண்டும், கார்பன் மாதிரி விறைப்பா இருக்கும். 48 கிலோ பையன் முழங்காலை முன்னால தள்ளினாலும் அது வளையாது. அடிமட்ட மாடல் எதிர்மாறு, கணுக்கால்ல கை வச்சு அழுத்தினா அட்டை மாதிரி மடியும். நடுத்தர மாடல், சைஸ் 6. 14 வயசுக் கால் அடுத்த வருஷமே நீளும், அதனால பழசுல நல்லதா எடுத்தா மிச்சப் பணம் சாணைக்கும் அடுத்த பிளேடுக்கும் ஆகும்.

விக்கிறவர்கிட்ட மூணு படம் கேளுங்க. ஒண்ணு, மேசை மேல வச்சு பின்னாலிருந்து: பூட் நேரா நிக்குதா, ஒரு பக்கம் சாயுதா. ரெண்டு, பக்கவாட்டுல பிளேடு: முன்னும் பின்னும் ஒரே உயரமா எஃகு மிச்சம் இருக்கா, ஹோல்டர்ல விரிசல் இருக்கா. தேய்ஞ்ச பிளேடுல திரும்பும்போது ஹோல்டர் ஐஸ்ல இடிக்கும். மூணு, இன்சோலை எடுத்துட்டு உள்பக்கம்: ரிவிட் துரு, கணுக்கால் பக்கத் துணியில ஓட்டை. கூடவே பிளேடுல குத்தியிருக்கிற எண்ணையும் கேளுங்க, 263, 272 மாதிரி இருக்கும். அது மில்லிமீட்டர், பிறகு பிளேடு மட்டும் மாத்த அதுதான் வேணும்.

பந்திங்_அம்மா:
ரொம்ப நன்றி. அந்த 8ஐ என்ன செய்ய?

சாணைக்கல்:
ரிவிட்டை ஒழுங்கா மாத்தி, சாணை பிடிச்சு, 270 மில்லிமீட்டர் கால் இருக்கிறவருக்கு வித்துடுங்க. விளம்பரத்துல வெறும் 8ன்னு போடாம கால் நீளத்தையும் போடுங்க. மாத்தின ரிவிட் எதுன்னும் சொல்லிடுங்க.