ரயில் பிடித்தால்தான் ஆட்டிசமா?
(மாக்கோலம், அளவுகோல், தண்டவாளம் என்ற பெயர்களில் மூவர் பேசுகிறார்கள்.)

மாக்கோலம்:
ஆட்டிச மதிப்பீட்டுக்கு வரும் பெண் குழந்தையின் பெற்றோரிடம் "ரயில், கார், நம்பர்னா உயிரா இருப்பாளா?" என்று கேட்கிறார்கள். "இல்லை, கோலம்தான் போடுவாள்" என்றால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. கோலம் போடும் பெண்ணை நம் ஊரில் யார் வித்தியாசமாகப் பார்ப்பார்கள்?

அவள் எப்படிப் போடுகிறாள் என்று பாருங்கள். 15 புள்ளி, இடுக்குப்புள்ளி 8 வரை. மொத்தம் 169 புள்ளி. ஒன்று விலகினாலும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வைப்பாள். பூவோ மயிலோ வரைந்து வண்ணம் கொடுக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவாள். மனநல நிலைகளைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்கக் கையேடு ஆர்வத்தின் தீவிரத்தையும் குறுகலையும்தான் கேட்கிறது. எதன்மேல் ஆர்வம் என்பது அங்கே நிபந்தனையே இல்லை.

அளவுகோல்:
ரயில் யாரோ கட்டிவிட்ட கதை இல்லை. நேரம், தடம், எண், வரிசை எல்லாம் மாறாமல் வரும் அமைப்பு அது. அடுத்து என்ன என்று தெரிந்தால் நிம்மதியடையும் குழந்தை அதில் போய் நிற்பது இயல்பு. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டால், ரயிலில் மூழ்கிய குழந்தைகளையும் தவறவிடுவோம்.

மாக்கோலம்:
எடுக்கச் சொல்லவில்லை, அதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஆட்டிசத்தை முதலில் விவரித்த மருத்துவர்களையே பாருங்கள். 1943இல் லியோ கான்னர் எழுதிய 11 குழந்தைகளில் 8 பேர் பையன்கள். 1944இல் ஆஸ்பெர்கர் விவரித்த நால்வருமே பையன்கள். தொடக்கமே அப்படி என்றால், மனதில் பதிந்த படமும் பையன்களின் விளையாட்டுப் பெட்டியாகத்தானே இருக்கும்?

தண்டவாளம்:
ரெண்டு பேருமே ரயிலை ஒரே பொருளா எடுத்துக்கறீங்க. "ரயில் பிடிக்கும்"னு ஒரே பெட்டியில் டிக் போடற மூணு பிள்ளைகளுக்கு மூணு காரணம் இருக்கும். ஒருத்தனுக்குச் சக்கரம் சுத்தறது, இன்னொருத்தனுக்கு அட்டவணை, மூணாவது ஆளுக்கு ஹாரன் சத்தம். கண்டுபிடிக்கறது சுலபம். பொம்மை ரயில், பழைய ரயில் நேர அட்டவணை, ஹாரன் சத்தப் பதிவு மூணையும் தனித்தனியா, பத்துப் பத்து நிமிஷம் கொடுங்க. பேசாம பாருங்க. பொம்மையைக் கவுத்துப் போட்டுச் சக்கரத்தைச் சுத்தினா அவனுக்கு ரயிலே வேண்டாம். மேஜை ஃபேனும் அதே சந்தோஷத்தைக் கொடுக்கும். அட்டவணைப் பிள்ளைக்குப் பொம்மை வாங்கிக் கொடுத்துட்டு "ஆர்வம் போயிடுச்சு"ன்னு எழுதறவங்க நிறைய.

அளவுகோல்:
இது நல்ல முறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்வத்தைக் கொண்டாடினால் போதும் என்ற பேச்சு ஆபத்து. சாப்பாடு, தூக்கம், கழிப்பறை மூன்றும் தள்ளிப்போனால் வரம்பு வைத்தே ஆக வேண்டும். "10 கணக்கு முடி, பிறகு ரயில் வீடியோ" என்பதில் என்ன தவறு?

தண்டவாளம்:
வரம்பு வேணும். ஆனா அந்தப் பேரம் ரெண்டு இடத்தில் உடையும். கணக்கு ரயிலுக்கான கூலியா மாறிடுது. வீடியோ இல்லாத நாள் கணக்கும் கிடையாது. இன்னொண்ணு, பிள்ளை ஓய்வெடுக்கற ஒரே இடத்தை நாம பிணையா வெச்சுக்கறோம்.

அட்டவணையையே கணக்காக்குங்க. வண்டி 21:40க்குக் கிளம்பி 05:25க்குச் சேருது, எத்தனை நேரம்? நேரடியாக் கழிச்சா தப்பு வரும். நள்ளிரவில் வெட்டணும்: 2 மணி 20 நிமிஷம், அப்புறம் 5 மணி 25 நிமிஷம், மொத்தம் 7 மணி 45. நிறுத்தறதும் அப்படித்தான். "அஞ்சு நிமிஷம்"னு சொல்லாதீங்க, "அடுத்த ஸ்டேஷன் வரை"ன்னு சொல்லுங்க. கோலம்னா "இந்த வரிசை முடியற வரை". 2005இல் ஆட்டிச ஆய்வாளர் டைனா மர்ரியும் இன்னும் ரெண்டு பேரும் எழுதின ஒருமுகக் கவனக் கோட்பாடு சொல்றதும் இதைத்தான்: கவனம் ஒரே வாய்க்காலில் முழு வேகத்தில் ஓடுது, நடுவில் வெட்டினா வலிக்கும்.

அளவுகோல்:
அதற்காக எல்லாப் பாடத்தையும் ரயிலாக்கினால் வேறு சிக்கல் வரும். டபிள்யூ.ஏ.பி-7 என்ற பயணிகள் ரயில் எஞ்சினின் படத்தின்கீழ் "சரக்கு ரயில் எஞ்சின்" என்று அச்சிட்ட தாளைக் கொடுத்துப் பாருங்கள். எஞ்சின் பெயரில் பி என்ற எழுத்து என்றால் பயணிகள், ஜி என்றால் சரக்கு. பிழையைத் திருத்தும்வரை அந்தக் குழந்தை கணக்குக்கே வராது.

தண்டவாளம்:
சரியான பாயிண்ட். அது பிடிவாதம் இல்ல, தாள் தப்பு. தெரியாத விஷயத்தில் படம் போடாம வெறும் எண்ணைக் கொடுக்கறது மேல்.

மாக்கோலம்:
இன்னொரு பிம்பத்தையும் இங்கேயே பேசிவிடலாம். "ஆட்டிசம்னா உள்ளே ஒரு மேதை இருப்பான்" என்கிறார்கள். ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் பயன்படுத்தும் ஐ.எஸ்.ஏ.ஏ. அளவீட்டில் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். அபூர்வத் திறமை அந்த 40இல் ஒன்று, அவ்வளவே. டி.எஸ்.எம்-5இலும் திரும்பத் திரும்ப வரும் நடத்தை, ஆர்வம் பற்றிய பிரிவில் உள்ள நான்கு அடையாளங்களில் இரண்டு இருந்தால் அந்தப் பிரிவுக்குப் போதும். மாற்றத்தைத் தாங்காமையும் புலன் கூர்மையும் மட்டும் உள்ள பிள்ளைக்குத் தனி ஆர்வம் எதுவுமே இல்லாமல் இருக்கலாம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் "என்ன திறமை?" என்று வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்பது கொடுமை.

படிவத்தில் "எதில் ஆர்வம்?" என்பதற்குக் கீழே மூன்று வரி சேர்த்தால் போதும். அதில் எந்தப் பகுதி? ஒரு நாளில் எவ்வளவு நேரம்? பாதியில் நிறுத்தினால் என்ன ஆகிறது?

அளவுகோல்:
முதலும் மூன்றாவதும் சரி. இரண்டாவதை அப்படியே ஏற்க முடியாது. மார்கழியில் எல்லாப் பெண்களும் இரண்டு மணி நேரம் கோலம் போடுவார்கள். தை பிறந்து ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள்.