மறு: மறு: 'பங்க்' இசைக்குத் தமிழ்ச்சொல் (சனிக்கிழமைக்குள்!)

அன்பு நண்பர்களே,
வரும் சனிக்கிழமை எங்கள் திரைப்படக் கழகத்தில் 'மேற்கத்திய நாகரிகத்தின் வீழ்ச்சி' திரையிடுகிறோம். லாஸ் ஏஞ்சலஸ் பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) குழுக்களைப் பற்றி பெனிலபி ஸ்பீரிஸ் எடுத்து 1981இல் வெளியான ஆவணப்படம். தமிழ் சப்டைட்டில் என் தலையில். 'பங்க் இசை' என்று போட்டேன். பார்த்த நண்பர், "பெட்ரோல் பங்க்கா?" என்கிறார். சொல் தாருங்கள்.
க.

அன்புள்ள க.,
வல்லின மெய் தமிழ்ச் சொல்லுக்கு ஈறாகாது. உகரம் சேர்த்தால் 'பங்கு'. 'பங்கு ஆவணப்படம்' என்று சுவரொட்டி ஒட்டினால் பங்குச்சந்தைக்காரர்கள்தான் முன்வரிசையில் உட்காருவார்கள். வேரைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு உளுத்த மரம் என்றொரு பொருள், தீ மூட்ட உதவுவது. ஷேக்ஸ்பியரிடம் பரத்தை. பிறகு போக்கிரி. மரத்தைப் பிடித்துக்கொண்டால் நம்மிடம் 'பொக்கு' இருக்கிறது. பொள், பொள்ளல், பொந்து, பொக்கை எல்லாம் ஒரே குடும்பம். பொக்குதான் கப்பலேறிப் போய் 'பங்க்' ஆனதோ என்றும் எனக்கோர் ஐயம். 'பொக்கிசை' என் பரிந்துரை.
புலவர் ந.

ஐயா, வணக்கம். 'பொக்கிசை' என்று வாசித்துக் காட்டியதும் அம்மா கேட்டார், "பல்லு போன தாத்தா பாடுறாராடி?" கப்பல் கதையை விட்டுவிடுவோம். போக்கிரிப் பொருள்தான் சரி. 'தறுதலை இசை' என்போம். படத்தில் பங்க் பாடகன் டார்பி கிராஷ் அடுப்படியில் முட்டை பொரித்துக்கொண்டே பேசுகிறான், பார்த்தீர்களா? எந்த ஊர் அப்பாவும் அவனைத் தறுதலை என்றுதான் சொல்லியிருப்பார். படம் வருமுன்னே, 22 வயதில், செத்துப்போனான் பாவி.
மீ.

தறுதலை வசவு அல்லவா, மீ.? கழகத்து அழைப்பிதழில் அச்சிடுவார்களா?
இரா.

வசவுதான் இரா. அண்ணா. அவர்கள் வசவைத்தானே பெயராகச் சூடிக்கொண்டார்கள்! 1976இல் நியூயார்க்கில் வந்த பத்திரிகைக்கே 'பங்க்' என்றுதான் பெயர். இந்தப் படத்தை இனி ஊரில் காட்டாதீர்கள் என்று லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைத் தலைவர் டேரில் கேட்ஸ் கடிதம் எழுதினார். அதற்குப் போய் மங்களகரமாகப் பெயர் தேடினால் எப்படி?
மீ.

புலவர் ஐயா சிரித்து ஒதுக்கிய 'பங்கு' எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கம் நண்பனைக் கூப்பிடுவதே "என்ன பங்கு" என்றுதான். 1977இல் லண்டன் ராக்ஸி கிளப்பில் டான் லெட்ஸ் சூப்பர் 8 கேமராவில் எடுத்த படத்தைப் பாருங்கள். அவர் அங்கே டிஜே. பங்க் இசைத்தட்டு அப்போது அதிகம் கிடைக்காததால் ஜமைக்கா இசையான ரெகே போட்டவர். மேடை எங்கே முடிகிறது, கூட்டம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. அதே ஆண்டு ஒரு குட்டிப் பத்திரிகை மூன்று கிட்டார் கார்டுகளை (சேர்த்து மீட்டும் சுரங்கள்) படம் போட்டுக் காட்டி, இனிக் குழு தொடங்கு என்றது. வந்தவனுக்கெல்லாம் பங்கு. ஆகவே 'பங்கிசை'.
த., திருச்சி

தம்பி த.,
புணர்ச்சி சரி, பொருள் வலிந்தது. 'கார்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். அஞ்சல் கார்டா? 'நாண்' என்பார்கள், அது வட்டத்துக்குள் வரையும் கோடு. 'சுரக்கூட்டு' என்றால் கூட்டுப்பொரியல் நினைவு வருகிறது. முதலில் இதற்கல்லவா சொல் வேண்டும்?
புலவர் ந.

ஐயா, இன்று புதன்கிழமை! ராக், ஜாஸ், ரெகே எல்லாவற்றையும் அப்படியே விட்டோம், பங்க் மட்டும் என்ன பாவம் செய்தது? தொல்காப்பியரே 'வடவெழுத்து ஒரீஇ' என்று கடன்சொல்லுக்குக் கதவு திறந்து வைத்தார். தவிரவும், பாடுவது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே விளங்காதென்று ஸ்பீரிஸ் பாட்டு வரிகளைத் திரையில் எழுதிக் காட்டியிருக்கிறார். அந்தக் கூச்சலுக்குத் தூய தமிழ்ப் பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது?
இரா.

அதே நூற்பாதான், இரா. ஆனால் 'ஒரீஇ' என்றால் நீக்கி என்று பொருள். கதவைத் திறந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு வா என்றுதான் சொன்னார். 'க்' ஈறு செருப்போடு வருகிறது.
புலவர் ந.

நண்பர்களே, வியாழன் இரவு மணி ஒன்று. 'பங்க்' நான்கு, 'தறுதலை' இரண்டு, 'பங்கிசை' ஒன்று, 'பொக்கிசை' ஒன்று. 'பங்க் இசை' என்றே போட்டுக் கோப்பை அனுப்பிவிட்டேன். திட்டுகிற இடங்களில் மட்டும் 'தறுதலை' வருகிறது, மீ.க்கு நன்றி. பெட்ரோல் நண்பருக்கு வாசலில் வைத்தே விளக்கிக்கொள்கிறேன்.
க.

பெரும்பான்மைக்கு வாழ்த்து. உடன்பாடு இல்லை. 'கார்டு'க்குத் தனி இழை திறந்திருக்கிறேன்.
புலவர் ந.